ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையிடம் எதை ஒப்படைப்பது?

மும்பையில் ஜூன் நடுவில் பள்ளிகள் திறக்கும்போது பருவமழையும் கூடவே வந்துவிடுகிறது. தாராவியின் மாநகராட்சிப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பை முடித்து ஆறாம் வகுப்புக்குள் நுழையும் பிள்ளைகள் பலருக்கு அன்று கட்டடம்கூட மாறுவதில்லை. ஒரு மாடி ஏறினால் புது வகுப்பு. அதனால் வீடுகளில் இந்த நாளை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் நாளின் அக்கறையோ, பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும் நாளின் பதற்றமோ இதற்குக் கிடைப்பதில்லை. பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால், பள்ளி வாழ்க்கையின் பெரிய திருப்பங்களில் இதுவும் ஒன்று.

அதுவரை பெரும்பாலும் ஒரே வகுப்பாசிரியர். எந்தப் பிள்ளை மெதுவாக எழுதும், எது காலையில் சாப்பிடாமல் வரும், எதற்குக் கண் சரியாகத் தெரிவதில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆறாம் வகுப்பிலோ பாடத்துக்கு ஓர் ஆசிரியர். ஒவ்வொருவருக்கும் தனி நோட்டு, தனி வீட்டுப்பாடம், தனிக் கண்டிப்பு. எந்த நாளில் எதைக் கொண்டுபோக வேண்டும், யாரிடம் சந்தேகம் கேட்க வேண்டும், எதை முதலில் முடிக்க வேண்டும் என்பதைப் பிள்ளையே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இந்த வேறுபாட்டை எண்களிலேயே சொல்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் படிப்பு. ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1000 மணி நேரம். மதிய உணவுத் திட்டத்திலும் இதே கணக்குதான். தொடக்க வகுப்புக் குழந்தைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம். ஆறாம் வகுப்பிலிருந்து 700 கலோரி, 20 கிராம் புரதம். வயது ஏறினால் பசியும் ஏறும், படிக்கும் நேரமும் ஏறும் என்று அரசு அளந்து வைத்திருக்கிறது. பிள்ளை தானாக முடிவெடுக்கும் உரிமை எந்த வகுப்பில் எவ்வளவு ஏற வேண்டும் என்பதற்கு மட்டும் அளவு எங்கும் எழுதப்படவில்லை. அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் பெற்றோர், ஆசிரியர், அக்கம்பக்கத்தார் என்று நாம் எல்லோரும்தான்.

இதை இப்போது பேச வேண்டிய காரணங்கள் இரண்டு. முதலாவது, மகாராஷ்டிர அரசு 2023-24 கல்வியாண்டு முதல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் ஆண்டிறுதித் தேர்வைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தவறியவர்களுக்கு மறுதேர்வு உண்டு. அதிலும் தவறினால் அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு. அடிப்படை தெரியாமல் மேலே தள்ளிவிடுவது பிள்ளைக்கே கேடு என்பார் சிலர். பத்து வயதில் தோல்வி முத்திரை விழுந்தால் பள்ளியையே விட்டுவிடும் என்பார் சிலர். இரு வாதத்திலும் உண்மை இருக்கிறது. எந்தப் பக்கம் நின்றாலும், ஐந்தாம் வகுப்பின் முடிவு முன்பைவிடக் கனமான ஒரு படியாகிவிட்டது என்பதை மறுக்க முடியாது.

இரண்டாவது காரணம் கொரோனாக் காலம். 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய குழந்தைகள்தான் 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்தார்கள். மும்பையில் ஒன்று முதல் ஏழு வரையிலான வகுப்புகள் 2021 டிசம்பர் 15 அன்றுதான் மீண்டும் திறந்தன. வரிசையில் நிற்பது, தொலைத்த பென்சிலைத் தானே தேடுவது, பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போட்டுத் தானே சமாதானமாவது எல்லாம் முதல் இரண்டு வகுப்புகளில் போகிற போக்கில் படிந்துவிடும் பழக்கங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் கிடைக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் வரும் ஓரிரு வகுப்புகளிலும் அதன் சுவடு இருக்கும்.

இரு தரப்பின் நியாயம்

பெற்றோரின் தயக்கத்தை முதலில் கேட்போம். தாராவியின் 90 அடி சாலையில் காலை நேரத்தில் டெம்போவும் கைவண்டியும் இருசக்கர வண்டியும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன. மழை வலுத்தால் எது தரை, எது சாக்கடை என்று தெரிவதில்லை. சயான் ரயில் மேம்பாலம் இடித்துக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்டில் மூடப்பட்ட பிறகு சுற்றியுள்ள சாலைகளில் நெரிசல் இன்னும் கூடியது. அதே மாதத்தில்தான் பத்லாப்பூரில் பள்ளிக்குள்ளேயே சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமை வெளியாகி, மாநிலம் முழுவதும் பெற்றோரை உலுக்கியது. இவ்வளவையும் பார்த்த ஒரு தாய், பதினொரு வயதுப் பிள்ளையின் கையை விடத் தயங்கினால் அதைக் குறையாகச் சொல்ல முடியாது.

ஆசிரியர்களின் பக்கமும் கேட்க வேண்டியதே. ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகும் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப்போட்டால்தான் எழுதுகிறார்கள், ஒரு கேள்வியை மாற்றிக் கேட்டால் திகைக்கிறார்கள், நோட்டைக் காணோம் என்றால் அம்மா வைக்கவில்லை என்கிறார்கள் என்பது பரவலாகக் கேட்கும் குறை. தமிழ்வழிப் பிள்ளைக்குத் தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று நான்கு மொழிகள். ஆசிரியருக்கோ வகுப்போடு தேர்தல் பணியும் பலவகைக் கணக்கெடுப்பும் சேர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு பிள்ளையின் பையையும் திறந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. அவர் எதிர்பார்ப்பதும் நியாயம்தான்.

ஆக, பெற்றோர் விடுவதற்கு அஞ்சுகிறார்கள். ஆசிரியர்கள் ஏன் இன்னும் விடவில்லை என்று கேட்கிறார்கள். பிள்ளையின் நலன் ஒன்றே இருவரும் நினைப்பது. இருவரும் உட்கார்ந்து, எதை எப்போது யார் விடுவது என்று பேசிக்கொள்ளாததுதான் குறை.

வீட்டில் பெரியவர், பள்ளியில் குழந்தை

தாராவியைப் பொறுத்தவரை இன்னொரு உண்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே பிள்ளைகளுக்குப் பொறுப்பு குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விடிவதற்குள் இட்லி அவித்து விற்பனைக்கு அனுப்பும் வீடுகளில் பிள்ளைகள் எழுந்து கைகொடுக்கிறார்கள். தண்ணீர் வரும் நேரத்தில் குடத்தோடு நிற்கிறார்கள். தம்பி தங்கையைப் பால்வாடியில் விட்டுக் கூட்டி வருகிறார்கள். மராத்தியில் வரும் சுற்றறிக்கையைப் படித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்கிறார்கள். கடையில் இந்தியிலும் பக்கத்து வீட்டில் தமிழிலும் பள்ளியில் மராத்தியிலும் தடையில்லாமல் பேசுகிறார்கள்.

இவ்வளவும் செய்யும் பிள்ளையிடம், இன்று எந்தப் பாடத்தை முதலில் படிக்கப்போகிறாய் என்று நாம் கேட்பதில்லை. பையை அம்மா அடுக்குகிறார். வீட்டுப்பாடத்தை டியூஷன் அக்கா முடித்துக் கொடுக்கிறார். எந்த மொழியை மூன்றாவதாக எடுப்பது, எட்டாம் வகுப்புக்குப் பிறகு எந்தப் பயிற்று மொழிக்கு மாறுவது என்பதையெல்லாம் பெரியவர்களே பேசி முடிக்கிறார்கள். குடும்பத்தின் சுமையில் பங்கு கொடுத்துவிட்டோம். தன் படிப்பின் மீதான உரிமையில் பங்கு கொடுக்கவில்லை.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இது தலைகீழாக இருக்கிறது. அங்கே பிள்ளையின் கருத்தைக் கேட்கிறார்கள். எந்த வகுப்பில் சேர வேண்டும், என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேச விடுகிறார்கள். ஆனால் வாசலுக்கே பள்ளி வேன் வருகிறது. தனியாகச் சாலையைக் கடக்கவும், கடைக்குப் போய்ச் சில்லறையை எண்ணி வாங்கவும், வீட்டு வேலையில் ஒன்றைத் தன்னுடையது என்று ஏற்கவும் அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பு குறைவு. இரண்டு இடத்துப் பிள்ளைகளுக்கும் ஆளுக்குப் பாதி கிடைத்திருக்கிறது. அதனால் இது ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் சொல்லும் அறிவுரையும் ஆகாது, வசதியுள்ளவர்கள் மீதான குற்றச்சாட்டும் ஆகாது. ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றுக்கொள்ள இடமிருக்கிறது.

தனியாக விட்டுவிடுவதைப் பிள்ளைக்குக் கொடுத்த சுதந்திரம் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க, ஒவ்வொன்றாகப் பொறுப்பைக் கைமாற்றுவதே பிள்ளையை நிமிர வைக்கும். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் இருக்கையைப் பிடித்தபடியே ஓடிவந்து, நிதானம் வந்த பிறகு பிடியைத் தளர்த்துவதுபோல் அது நடக்க வேண்டும். முதல் நாளே விட்டாலும் தவறு. கடைசிவரை விடாவிட்டாலும் தவறு.

பெண் பிள்ளைக்கு ஒரு நியாயம்

ஆறாம் வகுப்பை ஒட்டிய வயதில் இன்னொன்றும் நடக்கிறது. ஆண் பிள்ளையின் உலகம் அகலத் தொடங்கும் அதே நேரத்தில் பெண் பிள்ளையின் உலகம் சுருங்குகிறது. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களில் பூப்புச் சடங்கு சிறப்பாக நடக்கிறது. உறவெல்லாம் கூடி மகிழ்ந்த அந்த நாளுக்குப் பிறகு பல வீடுகளில் டியூஷன் நேரம் குறைகிறது, விளையாட்டு நிற்கிறது, தோழி வீட்டுக்குப் போவதற்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொதுக் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால்கூடத் துணைக்கு ஆள் தேடும் சூழலில், பெற்றோர் இப்படி முடிவெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அச்சத்தை லேசாக எண்ணக் கூடாது.

அதன் விலையையும் நாம் பார்க்க வேண்டும். பதினொரு வயதில் தன் நேரத்தைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகாத பெண், பதினாறு வயதில் கல்லூரிக்கு ரயிலேறும்போது திடீரென்று எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மறுபக்கம், எங்கே போகிறான் என்று கேட்கப்படாத பையன் குட்காவிலும் முடிவில்லாத செல்போன் விளையாட்டிலும் சிக்குவதையும் நாம் பார்க்கிறோம். நடுவழி ஒன்று இருக்கிறது. எங்கே போகிறோம், யாரோடு போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்ற மூன்றையும் மகனும் சொல்லட்டும், மகளும் சொல்லட்டும். சொல்லிவிட்டுப் போகும் உரிமையும் இருவருக்கும் இருக்கட்டும்.

நம்பிக்கை வைத்தால் இந்த வயதுப் பெண் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதற்குச் சான்று தாராவியிலேயே இருக்கிறது. நவ்நீத் ரஞ்சன் தொடங்கிய ‘தாராவி டைரி’ அமைப்பில் கணினி நிரல் எழுதப் பழகிய சிறுமிகள், தங்கள் தெருவின் சிக்கலையே எடுத்துக்கொண்டு செல்போன் செயலிகளை உருவாக்கினார்கள். அவற்றில் ஒன்று, பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் வரிசையை ஒழுங்குபடுத்தி, முறை வரும்போது தெரிவிக்கும் செயலி. இன்னொன்று பெண்களின் பாதுகாப்புக்கானது. குடத்தோடு வரிசையில் நின்ற அனுபவம் அவர்களுக்கு முன்பே இருந்தது. அந்த அனுபவத்தைக் கொண்டு என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் இடம் ஒன்று கிடைத்ததும் இது நடந்தது.

வீடும் பள்ளியும் செய்யக் கூடியவை

வீட்டிலிருந்து தொடங்கலாம். ஆறாம் வகுப்பின் முதல் மாதத்தில் பள்ளிப் பையை மட்டும் பிள்ளையிடம் ஒப்படைப்போம். கால அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து, இரவே அடுக்கச் சொல்வோம். ஒரு நாள் நோட்டை மறந்துவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடாமல் இருப்போம். அடுத்த மாதம் வீட்டுப்பாடத்தை எந்த வரிசையில் முடிப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். தீபாவளிக்கு முன்பாகத் தன் சந்தேகத்தைத் தானே ஆசிரியரிடம் போய்க் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் இதையெல்லாம் செய்ய முடியும். என்ன எழுதினாய் என்று பார்க்க முடியாவிட்டாலும், இன்று எது கஷ்டமாக இருந்தது என்று கேட்கலாம். வீட்டு வேலையில் பிள்ளை உதவுவது நல்லதுதான். அதோடு, ஒரு மணி நேரம் படிப்புக்கென்று யாரும் கூப்பிடாத நேரமாக இருக்கட்டும் என்று குடும்பமே முடிவு செய்தால் அது பெரிய பரிசு.

இதற்குப் பள்ளியும் ஈடுகொடுக்க வேண்டும். முதல் சில வாரங்களில் நோட்டை மறந்த பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்தினால், பெற்றோர் மறுநாளே பையைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்வார்கள். உடல் தண்டனையையும் மனத்தை நோகடிப்பதையும் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்திருக்கிறது. சட்டத்துக்கும் மேலாக, தவறிலிருந்து கற்க இடம் தரும் மனம் வேண்டும். ஏப்ரலில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சில நாள் ஆறாம் வகுப்பில் உட்காரவைத்துப் பாட ஆசிரியர்களை அறிமுகப்படுத்தலாம். ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவரைப் புதியவர் இருவருக்குத் துணையாக்கலாம். வீட்டுப்பாடத்தை இரவு ஒன்பது மணிக்கு அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவதைவிட, வகுப்பிலேயே சொல்லி, பிள்ளையின் கையாலேயே குறிக்க வைக்கலாம். வீட்டில் இருக்கும் ஒரே செல்போன் வேலைக்குப் போன அப்பாவோடு போய்விடும் குடும்பங்களுக்கு இது வசதியும்கூட. அவசர அறிவிப்புக்கு வாட்ஸ்அப் இருக்கட்டும். படிப்பின் பொறுப்பு நோட்டில் இருக்கட்டும்.

டியூஷன் அக்காக்களை இந்தப் பேச்சிலிருந்து விலக்கிவிட முடியாது. தாராவியில் மாலையில் எத்தனையோ சிறு அறைகளில் கல்லூரி மாணவிகளும் படித்த இல்லத்தரசிகளும் பத்துப் பதினைந்து பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைக்கும், மராத்தி தெரியாத பெற்றோருக்கும் அவர்கள் பெரும் ஆதரவு. டியூஷனே கூடாது என்று சொல்வது நடைமுறை தெரியாத பேச்சு. அதே நேரத்தில், விடையைச் சொல்லி எழுதவைக்கும் டியூஷன் பிள்ளையை இன்னும் சார்ந்திருக்கவே பழக்குகிறது. முதல் இருபது நிமிடம் பிள்ளையே தன் நோட்டைப் பார்த்து, இன்று என்ன செய்ய வேண்டும் என்று சொல்லட்டும், முயன்று பார்க்கட்டும், முடியாத இடத்தில் மட்டும் அக்கா கைகொடுக்கட்டும். விடை உடனே வரவில்லையே என்று பெற்றோர் குறைப்பட்டுக்கொள்ளாமல் இருப்பதும் இதில் ஒரு பங்கு.

பள்ளி மேலாண்மைக் குழு என்ற அமைப்பைச் சட்டமே நமக்குத் தந்திருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். வேலை நாளின் நடுப்பகலில் கூட்டம் வைத்தால் தினக்கூலிப் பெற்றோர் வர முடியாது. வந்தால் ஒரு நாள் சம்பளம் போகும். எல்லாக் கூட்டத்தையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினால் ஆசிரியரின் ஓய்வு பறிபோகும். ஒரு கூட்டம் வேலை நாள் மாலையிலும் அடுத்தது ஒரு சனிக்கிழமையிலும் என்று மாறி மாறி வைத்தால் சுமை இரு தரப்புக்கும் பகிரப்படும். எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மாநகராட்சி, பெற்றோருக்கான அறிவிப்பையும் அவரவர் மொழியில் தந்தால் நல்லது. பிள்ளை மொழிபெயர்ப்பாளராக இல்லாமல் மாணவராக இருக்க அது உதவும்.

தெருவின் பங்கு

பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் தெரு இருக்கிறது. ஜப்பானில் பல இடங்களில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு குழுவாக நடந்தே பள்ளிக்குப் போகிறார்கள். பெரிய வகுப்புப் பிள்ளை முன்னால் நடக்கும். சாலை கடக்கும் இடங்களில் ஊர்ப் பெரியவர்கள் நிற்பார்கள். வகுப்பறையைக் கூட்டுவதும் மதிய உணவு பரிமாறுவதும் பிள்ளைகளே செய்கிறார்கள். அவர்களுடைய சாலைகளும் நம் சாலைகளும் ஒன்றல்லதான். ஆனால் குழுவாக நடப்பதற்குத் தேவையானது பணம் அல்ல, பேச்சுவார்த்தை. ஒரு சால் குடியிருப்பிலிருந்து ஆறேழு பிள்ளைகள் சேர்ந்து கிளம்பட்டும். முதல் மாதம் ஒரு பெற்றோர் கூடப் போகட்டும். இரண்டாம் மாதம் சற்றுப் பின்னால் வரட்டும். மதிய ஷிப்ட் முடிந்து இருட்டும் நேரத்தில் திரும்பும் பிள்ளைகளுக்கு இது இன்னும் தேவை.

வழியில் உள்ள கடைக்காரர்களும் தெரிந்த முகங்கள்தான். மழை கொட்டினால் எந்தக் கடையில் ஒதுங்குவது, யாராவது தொந்தரவு செய்தால் யாரிடம் சொல்வது, எந்த வீட்டிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்யலாம் என்பதை முன்பே பேசிவைத்துவிட்டால் பாதி அச்சம் தீரும். குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணை ஒவ்வொரு பிள்ளையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். தொடுதலில் நல்லது எது, தவறானது எது என்று பள்ளிகளுக்கே வந்து சொல்லித்தரும் ‘போலீஸ் தீதி’ திட்டம் மும்பைக் காவல்துறையிடம் இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு அந்தக் காவலர்களை அழைப்பதற்குப் பெற்றோரே பள்ளியைக் கேட்கலாம்.

இப்படிச் சேர்ந்து செயல்படுவது தாராவிக்குப் புதிதல்ல. 2020 ஏப்ரலில் இங்கே முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோது, இவ்வளவு நெருக்கமான பகுதி தாங்காது என்றே பலரும் கணித்தார்கள். மாநகராட்சி ஊழியர்களும், பகுதியின் தனியார் மருத்துவர்களும், தொண்டு அமைப்புகளும், தெருவில் உள்ள இளைஞர்களும் கைகோத்தார்கள். சில மாதங்களில் தொற்று கட்டுக்குள் வந்தது. உலக சுகாதார அமைப்பின் தலைவர் அதே ஆண்டு ஜூலையில் தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அந்த ஒற்றுமையில் ஒரு சிறு பங்கு போதும், பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் வழியைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ள.

நாளைய தாராவியும் பையில்லா நாட்களும்

தாராவி மறுசீரமைப்புத் திட்டம் பற்றி நம்மிடையே ஒரே கருத்து இல்லை. கழிப்பறையோடு கூடிய நல்ல வீடு கிடைக்கும் என்று காத்திருப்போர் இருக்கிறார்கள். தொழிலும் உறவும் சிதறிவிடுமே என்று கலங்குவோரும் இருக்கிறார்கள். 2000 ஜனவரி 1 என்ற தகுதி நாளுக்குப் பின் வந்தவர்களுக்கு வேறு பகுதியில் வீடு என்ற ஏற்பாடு பலரை உறங்கவிடாமல் செய்கிறது. அந்த விவாதம் தொடரட்டும். அதற்கு நடுவில் எல்லோரும் ஒன்றாகக் கேட்கக் கூடியவை இரண்டு. கல்வியாண்டின் நடுவில் பள்ளிப் பிள்ளை உள்ள குடும்பத்தை இடம் மாற்றக் கூடாது. இடம் மாறும் இடத்தில், பிள்ளை தன் மொழியில் படிக்கும் பள்ளி நடக்கும் தொலைவில் இருக்க வேண்டும். கல்வி உரிமை விதிகள் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு மூன்று கிலோமீட்டர் என்று எல்லை வைத்திருக்கின்றன. திட்டத்தை ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் இதில் வேறுபாடு இருக்கக் காரணமில்லை.

தாராவியிடம் பிற இடங்களில் இல்லாத ஒரு செல்வமும் இருக்கிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகள் பத்து நாள் பையில்லாமல் வந்து, உள்ளூர்த் தச்சர், குயவர், கலைஞர் போன்றவர்களிடம் தொழிலைப் பார்த்துப் பழகலாம் என்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற பகுதிகளில் நமக்கு மாறுபாடு இருக்கலாம். இந்த ஒன்றுக்குத் தாராவியைவிடப் பொருத்தமான இடம் நாட்டில் எது? கும்பார்வாடாவின் குஜராத்திக் குயவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தோல் பொருள் செய்வோர், தையற்காரர், பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிப்போர் எல்லோரும் கூப்பிடும் தூரத்தில் இருக்கிறார்கள். இது குழந்தைத் தொழிலுக்கு வழிவிட்டுவிடுமோ என்ற கவலை நியாயமானது. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடுக்கிறது. அந்த எல்லையை ஒரு நாளும் தாண்டக் கூடாது. ஆசிரியர் உடன் இருக்க, கேள்வி கேட்கவும் கையால் செய்து பார்க்கவும் வரும் பிள்ளை, கூலிக்கு வரும் பிள்ளையிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. தன் அப்பாவின் தொழிலில் எவ்வளவு கணக்கும் அறிவியலும் இருக்கின்றன என்று ஆசிரியர் விளக்கும்போது, அந்தப் பிள்ளைக்குத் தன் வீட்டின் மீதும் தன் படிப்பின் மீதும் மதிப்பு கூடும்.

இங்கே சொன்னவை எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியதில்லை. ஒரு பள்ளி ஏப்ரலில் அறிமுக நாட்களைத் தொடங்கலாம். ஒரு சால் ஜூனில் நடைக்குழுவைத் தொடங்கலாம். ஒரு டியூஷன் அக்கா நாளை மாலையே அந்த இருபது நிமிடத்தை ஒதுக்கலாம். மாட்டுங்காவில் ஒரு குடும்பம் தன் பிள்ளையை அடுத்த தெருக் கடைக்குத் தனியாக அனுப்பிப் பார்க்கலாம். கல்வியாண்டு தொடங்கிய பிறகு நடக்கும் முதல் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், இந்த ஆண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எந்தெந்தப் பொறுப்பை எந்த மாதத்தில் ஒப்படைக்கப்போகிறோம் என்ற ஒரே ஒரு கேள்வியைப் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து எடுத்துக்கொண்டால், மீதி தானாகத் தொடரும். அந்தக் கூட்டத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளையும் அழைத்து, அவர்கள் எதைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்போம்.